மூன்று வைஸ்

எங்கள் தளிக்கு வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்களாம். குளிரைப் பார்த்துத்தான், எங்க இங்கிலீஷைப் பார்த்து அல்ல! வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவன் நான். பாலிடெக்னிக் வந்த முதல் வாரமே ஒர்க்‌ஷாப்பில் 'கேஜ்' என்பதை 'காஜ்' என்று வாசித்தேன். வகுப்பே சிரித்தது. அதே சிரிப்புக்குப் பயந்து, என் பக்கத்து பெஞ்சுக்காரன் இரண்டாம் செமஸ்டரோடு படிப்பை விட்டுவிட்டு கம்பெனி ஒன்றில் மூட்டை ஏற்றப் போய்விட்டான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன் அவன்.

தப்பு அவன்மேல் மட்டுமா? ஹைட், வெயிட் இரண்டும் எழுத்தில் அண்ணன் தம்பி. ஆனால் ஒன்றுக்கு இயைபு 'கைட்', மற்றதுக்கு 'லேட்'. எழுத்தை நம்பினால் காலை வாருது. சரி, காதை நம்பலாம் என்றால் வைஸ் வந்து நிற்குது. வைஸ் பிரின்சிபால், கெட்ட பழக்கமான வைஸ், நாம் பீஸைப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ். மூன்றும் ஒரே சத்தம். மூன்றுக்கும் லத்தீனில் வேறு வேறு வேர். முதலாவது 'பதிலாக'. இரண்டாவது 'குறை'. மூன்றாவது என்ன தெரியுமா? திராட்சைக் கொடி! கொடியின் சுருளைப் போல மரை சுற்றிக்கொண்டு ஏறுவதால் பிரெஞ்சுக்காரர் திருகாணிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. இதைப் படித்த நாளிலிருந்து வைஸ் கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் எனக்கு வீட்டுப் பாகற்கொடிதான் ஞாபகம்.

ப்ளம்மரில் 'பி' ஏன் ஊமையாய் நிற்குது? லத்தீனில் ஈயத்துக்குப் பெயர் ப்ளம்பம். கெமிஸ்ட்ரியில் ஈயத்துக்குக் குறியீடு 'பிபி' என்று மனப்பாடம் செய்தோமே, அதே சொல். பழைய குழாய்கள் ஈயம். காரணம் தெரிந்தால் ஸ்பெல்லிங் மறக்காது. ('கேஜ்' விஷயத்தில் இந்த வைத்தியம் பலிக்கவில்லை. அதை வாயால் சொல்லிச் சொல்லித்தான் பழகினேன்.)

இங்கிலீஷ்காரனும் நம்மிடம் கடன்பட்டவன்தான். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி மூன்றையும் கடித்துக் குதறி கட்டமரான், செரூட், முல்லிகட்டானி ஆக்கினான். யூலும் பர்னலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இவை இருக்கின்றன. அவனைப் பார்த்து யாரும் சிரிக்கலையே!

நாம் மூன்று வருஷம் மாடாய் உழைத்து வாங்கப்போகும் டிப்ளமோ கூட கிரேக்கத்தில் 'இரண்டாக மடித்தது'தான். இதையெல்லாம் முதல் வருஷமே யாராவது சொல்லியிருந்தால் என் பக்கத்து பெஞ்ச் காலியாகி இருக்காது என்பது என் கட்சி.

மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். தினம் ஒரு சொல், அது பிறந்த கதை, அதுக்கு ஒரு இயைபு. சாக்பீஸ் செலவு என்னுடையது. முதல் நாள் 'ப்ளம்மர்' எழுதுகிறேன். இயைபு, 'சம்மர்'.