காதுக்குத் தமிழ், கண்ணுக்குத் திரை



நூலகத்தில் புத்தகம் தேடுவதற்கென்று வைத்திருக்கும் கணிப்பொறி முன்னால் நம்மில் எத்தனை பேர் உட்காருகிறோம்? பாதிப் பேர் அதைத் தாண்டி நேரே அலமாரிக்குப் போகிறோம். மீதிப் பேர் "சார், லெதர் புக் எங்க இருக்கு சார்?" என்று நூலகரிடம் நிற்கிறோம். அவர் ஒருவர், நாம் நூற்றுக்கணக்கில். "பசங்களுக்குப் படிக்கிற ஆர்வமே இல்ல" என்று பெரியவர்கள் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஆர்வம் இருக்கிறது. மெஷினைத் தொடத்தான் பயம்.

அந்தப் பயத்துக்கு நம்மூரில் காரணமும் உண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் 'க்ளிக்கிங்' என்றால் அப்பர் தோலை வெட்டுவது. மவுஸ் பிறப்பதற்கு முன்பே வந்த வார்த்தை! அங்கே தப்பாக வெட்டின தோல் போனதுதான், திரும்ப ஒட்டாது. அப்படி வேலை பார்ப்பவர்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளையிடம் இங்கிலீஷில் ஒரு திரை 'க்ளிக்' என்று சொன்னால் கை தயங்காதா?

இதற்கு வழி, திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்து, கூடவே பேசி விளக்கும் சின்ன வீடியோக்கள். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா ஐஐடி பம்பாயில் தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு பாடமும் சுமார் 10 நிமிஷம். திரையில் ஒரு பக்கம் பாடம், மறுபக்கம் சாஃப்ட்வேர். பார், நிறுத்து, நீயே செய். திரை இங்கிலீஷிலேயே இருக்கும், குரல் மட்டும் தமிழுக்கோ வேறு இந்திய மொழிக்கோ மாறும். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் திரை இங்கிலீஷில்தானே இருக்கப் போகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. பதிவுக்கு முன்னால், அந்த சாஃப்ட்வேரே தெரியாத ஒருவரிடம் எழுத்துப் பிரதியைக் கொடுத்து, அவருக்குப் புரிகிறதா என்று சோதிக்கிறார்கள். தெரியாதவன் அங்கே பரீட்சகர்!

நூலகங்களுக்கான 'கோஹா' சாஃப்ட்வேருக்கும் அங்கே ஒரு வரிசை உண்டு. 1999-ல் நியூசிலாந்தில் உருவான இலவச சாஃப்ட்வேர் இது. கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. ஆனால் அந்தப் பாடங்களில் பெரும்பகுதி நூலகருக்கு. வாசகனுக்கு, அதுவும் நம் நூலகத் திரையைக் காட்டி, நம் பேச்சில் சொல்ல யார் வருவார்கள்? நாம்தான் எடுக்க வேண்டும்.

முதல் வீடியோ தேடும் வார்த்தையைப் பற்றி இருக்கட்டும். நாம் 'தோல் ஷாப்' என்போம், நூலகப் பட்டியலுக்கு அது தெரியாது. 'டேனிங்' என்று அடித்தால் ஒன்று வரும், 'ஃபுட்வேர்' என்றால் வேறு வரும். டியூயி முறையில் தோல் பதனிடுவது 675, செருப்பும் பையும் 685. இரண்டும் வேறு வேறு அலமாரி. இது தெரியாமல்தான் "புக் இல்லடா" என்று திரும்பி வருகிறோம். வேண்டுமென்றே ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து, ஒன்றும் வராததைக் காட்ட வேண்டும். பிறகு பின்னால் போய்த் திருத்துவதையும் காட்ட வேண்டும். இந்த க்ளிக்கில் தோல் வீணாகாது என்று கண்ணால் பார்த்தால்தான் பயம் போகும்.

யூடியூபில் ஆயிரம் இருக்கே என்பீர்கள். இருக்கிறது, முதல் இரண்டு நிமிஷம் மியூசிக்கோடு! காட்டுவதும் வேறு யாருடைய நூலகத்தையோ. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்று 1931-லேயே விதி வகுத்தவர் நம் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன். ஆகவே மியூசிக் வேண்டாம், ஒரு வீடியோவுக்கு ஒரே வேலை, மூன்று நிமிஷம் போதும். நாளைக்குத் திரை மாறினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். வீட்டில் உருது பேசும் ஆம்பூர் நண்பர்களுக்கு அதே படத்தில் உருதுக் குரல் சேர்க்கலாம். உறுப்பினர் எண், பாஸ்வேர்டு மட்டும் பதிவில் விழக் கூடாது.

செலவு? 'ஓபிஎஸ்' இலவசம். 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே திரைப் பதிவு வசதி உண்டு. நல்ல மைக் ஒன்றுதான் வாங்க வேண்டும். இந்த மலருக்கு விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் நாம். அடுத்த தடவை ஒரு அரைப் பக்க விளம்பரப் பணத்தை மைக்குக்கு ஒதுக்கும்படி சங்கத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் சோதனைக்கு, நூலகத்துக்குள் இன்னும் கால் வைக்காத முதலாண்டுத் தம்பி ஒருவனை உட்கார வைப்போம்.