பள்ளிக்கூடம் போடும் மதிப்பெண்

ஆந்திர அரசு 2024 தொடக்கத்தில் இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் (ஐபி) அமைப்புடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உலகத்தரக் கல்வி என்று அறிவித்தார்கள். அதே ஆண்டின் நடுவில் ஆட்சி மாறியது. திட்டம் கிடப்புக்குப் போனது. அதற்கு முன்பே, 2021இல், டெல்லி அரசும் தன் புதிய கல்வி வாரியத்துக்காக அதே அமைப்போடு கைகோத்திருந்தது. இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்ற பெயருக்கு நம் அரசுகளிடம் அப்படியொரு ஈர்ப்பு. அந்தப் பெயருக்கு உள்ளே நமக்கு உண்மையில் பயன்படக்கூடியது எது என்று மட்டும் யாரும் நின்று நிதானித்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஐபி டிப்ளமா பிறந்ததே ஒரு நடைமுறைச் சிக்கலில்தான். உலக நாடுகள் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவாவில் ஒரு சர்வதேசப் பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளி ஒன்றுதான் என்றாலும், மேல்நிலை வகுப்புக்கு வந்ததும் பிரான்ஸ் தேர்வுக்கு ஒரு கூட்டம், இங்கிலாந்துத் தேர்வுக்கு இன்னொரு கூட்டம் என்று பிள்ளைகள் பிரிந்துவிடுவார்கள். எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் ஒரே தேர்வு வேண்டும் என்று அங்கே எழுந்த யோசனை 1968இல் அமைப்பாக உருவெடுத்தது. அதன் முதல் தலைமை இயக்குநரான அலெக் பீட்டர்சன், பதினாறு வயதிலேயே பிள்ளையை அறிவியல் பக்கம், கலைப் பக்கம் என்று பிரிக்கும் ஆங்கிலேய வழக்கத்தை எதிர்த்து வந்தவர். இந்தியாவில் இந்த டிப்ளமா முதலில் வந்து இறங்கியது மும்பையிலோ டெல்லியிலோ அல்ல, நம் கொடைக்கானலில். 1976இல் அங்குள்ள சர்வதேசப் பள்ளி அதைத் தொடங்கியது.

இரண்டு ஆண்டுப் படிப்பு, ஆறு பாடங்கள். மூன்றை உயர்நிலையிலும் மூன்றைப் பொதுநிலையிலும் படிப்பது வழக்கம். பாடத்துக்கு 7 வீதம் 42; நாலாயிரம் சொற்களுக்குள் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் சேர்த்து 3. ஆக மொத்தம் 45. டிப்ளமா பெறக் குறைந்தது 24 வேண்டும். தனியார் பள்ளிகளின் விளம்பரப் பலகைகள் இதோடு நின்றுவிடும். மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. நாம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஐபியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் 20 சதவீதம் அகமதிப்பீடு. மாணவரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, சோதனையைத் தானே வடிவமைத்துச் செய்து, அறிக்கை எழுத வேண்டும். எலுமிச்சைச் சாற்றைச் சூடாக்கினால் வைட்டமின் சி எவ்வளவு குறைகிறது என்பது மாதிரி ஒரு கேள்வி போதும். அதற்கு மதிப்பெண் போடுபவர் வகுப்பு ஆசிரியர். பிறகு அந்தப் பள்ளியிலிருந்து சில அறிக்கைகள் மட்டும் மாதிரியாக எடுக்கப்பட்டு, வேறெங்கோ இருக்கும் ஒரு தேர்வாளருக்குப் போகின்றன. இருபது பேர் வரையுள்ள வகுப்பென்றால் ஐந்து, நாற்பது வரை எட்டு, அதற்கு மேல் பத்து. ஆசிரியர் போட்டதும் தேர்வாளர் போட்டதும் ஏறத்தாழ ஒத்துப்போனால் ஆசிரியரின் மதிப்பெண் அப்படியே நிற்கும். தாராளமாக அள்ளிப் போட்டிருந்தால் வகுப்பு முழுவதற்கும் இறங்கும். கஞ்சத்தனம் காட்டியிருந்தால் வகுப்பு முழுவதற்கும் ஏறும்.

இந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. நேர்மையாக மதிப்பிடும் ஆசிரியரால் அவருடைய மாணவர் நஷ்டப்படுவதில்லை.

இங்கே, தமிழ்நாட்டில், நிலைமை நேர்மாறு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணக்குக்கு 90க்கு எழுத்து, 10 அகமதிப்பீடு. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200இல் கணக்கு 100, மற்ற இரண்டும் ஐம்பது ஐம்பது. கூட்டிப் பாருங்கள்: கணக்கில் 10, இயற்பியலில் 15, வேதியியலில் 15. 200இல் 40 மதிப்பெண் பள்ளிக்கூடத்துக்குள் போடப்படுவது. அதாவது 20 சதவீதம். ஐபி தன் அறிவியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கும் அதே பங்கு!

அந்த நாற்பதை ஏறக்குறைய எல்லோரும் முழுதாக வாங்கிவிடுகிறார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்துப் பள்ளி முழுதாகப் போடும்போது இவர் மட்டும் நியாயம் பார்த்து ஏழு போட்டால், கூலி வேலை பார்த்துப் படிக்க வைக்கும் ஒரு தாயின் மகனுக்குக் கட்-ஆஃப் குறையும். மனசாட்சி உள்ளவர்தான் முதலில் பத்து போடுவார். அதனால் யாருக்கும் அநீதி இல்லை என்றுகூட வாதாடலாம், எல்லோருக்கும் ஒன்றுபோலக் கூடுகிறதே! ஆனால் பறிபோவது ஆய்வகம். வேதியியல் செய்முறையில் உப்பின் நிறத்தையும் வாசனையையும் வைத்தே அது இன்னதென்று முடிவு கட்டிவிட்டு, சோதனைகளைப் பிறகு வரிசையாக எழுதி நிரப்பும் கலை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. டைட்ரேஷனில் வர வேண்டிய அளவை முன்பே தெரிந்துகொண்டு பியூரெட் அளவீட்டை அதற்கேற்ப எழுதுவார்கள். மதிப்பெண் உறுதி என்றான பிறகு யார் மெனக்கெடுவார்கள்?

ஐபி அப்பழுக்கில்லாதது என்று சொல்ல வரவில்லை. கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாது. ஆய்வுக் கட்டுரைக்கு ‘வழிகாட்ட’ ஆன்லைன் டியூஷன்கள் இருக்கின்றன. வழிகாட்டுதல் எங்கே முடிந்து எழுதிக்கொடுத்தல் எங்கே தொடங்குகிறது என்பது அவர்களுக்கே வெளிச்சம். 2020இல் கொரோனாவால் தேர்வை ரத்து செய்தபோது, பள்ளியின் பழைய சாதனையையும் கணக்கில் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். பல நாட்டு மாணவர்கள் கொதித்து எழுந்த பிறகு, ஆகஸ்டில் பலருக்கு அதை உயர்த்த வேண்டியதாயிற்று. மருத்துவக் கனவோடு ஐபியில் சேரும் இந்தியப் பிள்ளையின் பாடு இன்னும் திண்டாட்டம்: மே மாதம் ஐபி தேர்வு, அதே காலத்தில் என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டிய நீட்.

ஆகவே டிப்ளமாவை விலைக்கு வாங்குவது நமக்கு வேண்டாத வேலை. அமெரிக்காவில் ஐபி நடத்தும் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள் என்பது உண்மைதான். அங்கே ஒரு பள்ளி செலவிடும் தொகை வேறு, இங்கே வேறு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மாதிரி சரிபார்ப்பு முறையை மட்டும். அதற்கு ஜெனீவாவின் முத்திரை தேவையில்லை. திருநெல்வேலிப் பள்ளியின் எட்டு அறிக்கைகளைத் தருமபுரி ஆசிரியர் ஒருவர், பள்ளியின் பெயர் தெரியாமல் திருத்த வேண்டும். விடைத்தாளுக்கு டம்மி எண் போட்டு மாவட்டம் விட்டு மாவட்டம் அனுப்பிப் பழகிய தேர்வுத் துறைக்கு இது புது வித்தையல்ல.

எதிர்ப்பு வரும். முதல் ஆண்டே மதிப்பெண் இறங்கினால் பெற்றோர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு இந்தக் கெடுபிடி இல்லையே என்ற கேள்வியும் நியாயமானதே, ஏனென்றால் ஒரே கட்-ஆஃப் பட்டியலில்தான் அவர்களும் வருகிறார்கள். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கட்-ஆஃபில் கை வைக்காமல், ஒவ்வொரு தலைமை ஆசிரியருக்கும் ஒரே ஒரு தாள் அனுப்பினால் போதும்: உங்கள் பள்ளி போட்ட சராசரி இவ்வளவு, வெளியார் போட்டது இவ்வளவு.