திருடன் கேட்ட முதல் வரம்

‘பாக்தாத் திருடன்’ என்றதும் நம்மவர்களுக்கு எம்.ஜி.ஆர். நினைவு வரும். அது 1960-ல் வந்த தமிழ்ப் படம். நாம் சொல்ல வந்தது 1940-ல் அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த ஆங்கிலப் படத்தை. அதில் ஊர் சுற்றும் சிறுவன் அபு, பலே திருடன். நடித்தவர் சாபு; மைசூர்ச் சீமையில் யானைப்பாகனுக்குப் பிறந்த பிள்ளை.

மந்திரி ஜாபரின் சூழ்ச்சியால் அரசன் அகமது சிறையில் விழுகிறான். சாவியைத் திருடி அவனை மீட்பவன் இந்தச் சோற்றுக்கில்லாத பயல்தான். பிறகு குப்பியிலிருந்து வெளிவந்து தன்னைக் கொல்லப் பார்த்த பூதத்தைத் தந்திரமாக மறுபடி குப்பிக்குள் அடைத்து, மூன்று வரம் வாங்குகிறான். முதலில் எதைக் கேட்டான்? பொன்னையா, மாளிகையையா? தாய் செய்து தந்ததுபோல் வறுத்த இறைச்சி வேண்டுமாம்! கொட்டகையில் இந்த இடத்தில் சிரிப்பார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டினி கிடந்தவன் வேறு எதைக் கேட்பான்?

மற்ற இரண்டு வரங்களும் அரசன் காரியத்திலேயே தீர்ந்துபோகின்றன. கடைசியில் மந்திரக் கம்பளத்தில் பறந்து வந்து ஜாபரைக் கொன்று அரசன் தலையைக் காப்பதும் அபுவே. சரி, அகமது அரியணை ஏறினான். கடைத்தெருவில் பசியோடு திரியும் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? கதை வாய் திறக்கவில்லை.

அபுவைப் பள்ளியில் சேர்த்துப் பிற்பாடு மந்திரியாக்குவதாக அரசன் அறிவிக்கிறான். பயல் கம்பளத்தில் ஏறிப் பறந்துவிடுகிறான்! பதவிக்கு மயங்காத மிடுக்கை மெச்சுகிறோம். ஆனால் பள்ளிக்கூடத்தையும் ஒரு விலங்குபோல் காட்டி வேடிக்கை செய்ததை எப்படி ஏற்பது? சிறு வயதிலேயே பஞ்சாலைக்கும் வயலுக்கும் அனுப்பப்பட்டவர்களைக் கேட்டால், பள்ளி வாசலை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே கடந்துபோன கதையைச் சொல்வார்கள்.