மினி டிராக்டர்: தனியாக வாங்குவதா, கூட்டாக வாங்குவதா?

நாட்றம்பள்ளி வட்டாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி களை. வாணியம்பாடி, ஆம்பூர் தோல், காலணித் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் கிடைக்கும்போது, களை வெட்ட ஆள் வருவது அரிதாகிவிட்டது. அதனால்தான் பலரும் மினி டிராக்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

உட்கார்ந்தபடியே புல் வெட்டும் வண்டிகளும் விற்பனைக்கு உள்ளன. அவை சமமான புல்தரைக்கானவை. வரப்பும் கல்லும் மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தியும் உள்ள நம் நிலத்துக்குச் சரிப்படாது. 25 அடி இடைவெளியில் நட்ட தென்னந்தோப்பில் சிறிய ரோட்டவேட்டருடன் மினி டிராக்டர் தாராளமாகத் திரும்பும். உழவும் ஓட்டலாம், டிரெய்லர் மாட்டித் தேங்காயும் ஏற்றலாம். ஆனால் பல வேலை செய்யும் என்பதற்காக மட்டும் வாங்கக் கூடாது. அத்தனை வேலை நம் நிலத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று ஏக்கர் தோப்பு. ஆண்டுக்கு நான்கு முறை களை ஓட்ட, ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 24 மணி நேர வேலை. வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்றாலும் செலவு 24,000தான். மானியம் போகக் கைக்காசு இரண்டரை லட்சம் போட்டு வாங்கினால், பத்தாண்டுத் தேய்மானம் ஆண்டுக்கு 25,000. 9 சதவீத வட்டி 22,500. மொத்தம் 47,500. டீசலுக்கும் பழுதுக்கும் மணிக்கு 300 ரூபாய் தனி. ஆண்டுக்கு ஏறத்தாழ 70 மணி நேரம் ஓடினால்தான் வாடகைச் செலவுக்கு ஈடாகும். அதற்கு எட்டரை ஏக்கராவது வேண்டும்.

அப்படியானால் வாடகையே போதுமா? வேளாண் பொறியியல் துறை குறைந்த வாடகைக்கு இயந்திரம் தருகிறது. உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். சிக்கல் பணத்தில் இல்லை, பதத்தில் இருக்கிறது. மழை பெய்து ஈரம் காயுமுன் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி வேண்டும். பத்து நாள் தள்ளிப்போனால் களை விதை கொட்டிவிடும்.

எனவே அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்குவதே சரி என்பது என் கருத்து. ஒன்பது ஏக்கர் சேர்ந்தால் கணக்கும் நிற்கும், பதமும் தப்பாது. 2017-18இல் அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவுக்கு இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் தரப்பட்டதும் இந்த எண்ணத்தில்தான். மூன்று பேர் என்றால் முறை வைப்பது இன்னும் எளிது. யார் ஓட்டுவது, முதலில் யார் தோப்பு, பழுதுச் செலவு எப்படிப் பங்கு என்பதை வாங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிச் சண்டை வந்தால் வண்டி கொட்டகையில் துருப்பிடிக்கும்.

சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. வாங்கிவிட்டுக் கேட்காமல், முதலில் விண்ணப்பியுங்கள்.

கூட்டுச் சேர ஆள் இல்லாதவர்கள் தோளில் மாட்டும் புல்வெட்டும் கருவி வாங்கிக்கொண்டு, உழவுக்கு மட்டும் வாடகை வண்டி பிடிக்கலாம். வெட்டிய புல்லை மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் ஈரமும் நிற்கும். மூன்று ஏக்கருக்காகத் தனியே கடன் வாங்கி டிராக்டர் எடுத்தால், தோப்பு வருமானம் தவணைக்கே போய்விடும்.