தவணையில் கரையும் வரிச் சலுகை

டிராக்டர் மீதான சரக்கு-சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டிராக்டர் டயர், உதிரிபாகங்களுக்கான வரியும் 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 35 குதிரைத்திறன் கொண்ட வண்டிக்கு ஏறத்தாழ 41 ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. நெடுநாள் கோரிக்கை நிறைவேறியதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால், அந்த மிச்சம் விவசாயியின் கையில் தங்குகிறதா என்பதை அண்மையில் என் குடும்பத்திலேயே கணக்கிட்டுப் பார்க்க நேர்ந்தது.

திருவட்டாறு அருகே என் மைத்துனருக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. பாதியில் ஏத்தன் வாழையும் மரச்சீனியும், மீதியில் இளம் ரப்பர் கன்றுகளும் நிற்கின்றன. மண்வெட்டி பிடிக்க ஆள் கிடைக்காமல் சலித்துப்போய் சிறிய டிராக்டர் ஒன்று வாங்க முடிவு செய்தார். மூன்று விலைப்பட்டியல்களோடு வீட்டுக்கு வந்தவர், "அத்தான், எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலம் ஒரே மாதிரியானது அல்ல. தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் இன்னும் எஞ்சியிருக்கும் வயல்கள் சமதளம். 45 குதிரைத்திறன் வண்டி தாராளமாகத் திரும்பும். மேற்கே திருவட்டாறு, குலசேகரம், மேல்புறம் வரும்போது நிலம் மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. தட்டுத்தட்டான தோட்டங்கள், இடையில் கல் கையாலைகள், ஒரு வண்டி போனால் எதிரில் மாடு வர முடியாத இடவழிகள். கடந்த ஆண்டு என் தோட்டத்துக்கு வாடகைக்கு வந்த பெரிய டிராக்டர் ஒன்று, வாசலிலேயே நின்று அளந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஏத்தன் வாழையைப் பொதுவாக இரண்டு மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். அந்த வரிசைக்குள் குருத்தையும் வேரையும் காயப்படுத்தாமல் நுழைய வேண்டுமானால், ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய அகலமுள்ள வண்டிதான் வேண்டும். சிறிய டிராக்டர் இங்கே ஆடம்பரமல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இனி கம்பெனிகளைப் பார்ப்போம். மகிந்திராவின் ஜிவோ 245, குபோட்டாவின் பி2441 இரண்டும் 24 குதிரைத்திறன் வகையைச் சேர்ந்தவை. இரண்டுமே நான்கு சக்கர இயக்கம் கொண்டவை. முன்னதில் இரண்டு சிலிண்டர், பின்னதில் மூன்று. பவர் டில்லரால் நமக்கு அறிமுகமான வி.எஸ்.டி.யும் இதே வகையில் சிறிய டிராக்டர்களை விற்கிறது. ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து வடிவமைத்த ஓஜா வரிசையை 2023-இல் மகிந்திரா கொண்டுவந்தது. தோட்டப் பயிருக்கென்றே 11 குதிரைத்திறனில் ஸ்வராஜ் கோட் இருக்கிறது. இவற்றில் எதுவும் மோசமான வண்டி என்று சொல்வதற்கில்லை. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் எஞ்சின் திறனைவிட, ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்குக் கிடைக்கும் திறன் எவ்வளவு என்று கேட்பது பயன் தரும். சரிவு நிலத்தில் வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். பிறகு, பழுது பார்ப்பவரும் உதிரிபாகமும் மார்த்தாண்டத்தில் கிடைப்பார்களா, அல்லது திருநெல்வேலியிலிருந்து வர வேண்டுமா என்று விசாரிக்க வேண்டும். மழைக்கு முந்திய வாரத்தில் மூன்று நாள் நின்றுபோகும் வண்டி எந்தக் கம்பெனியுடையதானாலும் ஒன்றுதான்.

உண்மையான வேறுபாடு விலைப்பட்டியலின் பின்பக்கத்தில், பேனாவால் எழுதிக் கொடுக்கப்பட்ட தவணைக் கணக்கில் இருந்தது. வரிக்கு முன் 5 லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். பழைய வரி 60 ஆயிரம், புதிய வரி 25 ஆயிரம். ஆக 35 ஆயிரம் ரூபாய் மிச்சம். ரொட்டவேட்டர், பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 6 லட்சம் என்று கொள்வோம். கையிலிருந்து 1.20 லட்சம் கட்டி, 4.80 லட்சத்தை ஐந்தாண்டுக் கடனாக வாங்க வேண்டும். ஒரு நிதி நிறுவனம் "10 சதவீதம்தான்" என்றது. ஒரு வங்கி 11 சதவீதம் என்றது. மைத்துனர் இயல்பாகவே முதலாவதை நோக்கிச் சாய்ந்தார்.

அந்த 10 சதவீதம், நிதித்துறையில் 'ஃபிளாட்' என்று சொல்லப்படும் கணக்கு. அசலைக் கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும், வட்டி மட்டும் ஐந்தாண்டுக்கும் முழு 4.80 லட்சத்தின் மீதே கணக்கிடப்படும். ஆண்டுக்கு 48 ஆயிரம் வீதம் வட்டி 2.40 லட்சம். அரையாண்டுத் தவணை 72 ஆயிரம். வங்கியின் 11 சதவீதமோ குறைந்துவரும் நிலுவையின் மீது கணக்கிடப்படுவது. அதே அரையாண்டுத் தவணை சுமார் 63,700 ரூபாய்தான். மொத்த வட்டி ஏறத்தாழ 1.57 லட்சம். பத்து சதவீதக் கடன், பதினொரு சதவீதக் கடனைவிட 83 ஆயிரம் ரூபாய் கூடுதல்! உண்மையில் அதன் வட்டி 16 சதவீதத்தைத் தாண்டுகிறது. அரசு விட்டுக்கொடுத்த 35 ஆயிரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், ஒரு சொல்லின் பொருள் விளங்காததால் போய்விடும்.

இதற்குத் தடுப்பு இல்லாமல் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு 'முக்கிய விவர அறிக்கை' தர வேண்டும், அதில் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு சதவீத விகிதத்தைக் காட்ட வேண்டும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. தவணை தவறினால் அபராத வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடும் வழக்கம் அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து தடுக்கப்பட்டது. ஆனால் எங்களுக்குக் கிடைத்தவை கைப்பட எழுதிய துண்டுச் சீட்டுகளே. கேட்ட பிறகுதான் "தருகிறோம் சார்" என்றார்கள். கேட்கத் தெரியாதவர்களின் நிலை என்ன?

தவணை எந்த மாதத்தில் விழுகிறது என்பதையும் எவரும் பேசுவதில்லை. அரையாண்டுத் தவணை நெல் அறுவடையை நினைத்து வகுக்கப்பட்ட முறை. இங்கே ஏத்தன் குலைக்கு ஓணத்தையொட்டித்தான் நல்ல விலை. ரப்பரில் இலையுதிரும் பிப்ரவரி, மார்ச்சில் பால்வெட்டு ஓய்ந்துவிடும். மார்ச்சில் தவணை வைத்தால் அதை வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும். 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்துச் சென்ற காணொலியை நாடே பார்த்தது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளில் எவரும் அந்தக் காட்சியை நினைப்பதில்லை.

வட்டியையும் விடுவோம், வேலை எத்தனை மணி நேரம்? மைத்துனரின் இரண்டு ஏக்கருக்கு ஆண்டுக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடாது. 'ஃபிளாட்' கடனில் வாங்கி, ஐந்தாண்டுக்குப் பின் 2.40 லட்சத்துக்கு விற்றாலும் நிகரச் செலவு 6 லட்சம், ஆண்டுக்கு 1.20 லட்சம். 40 மணி நேரம் ஓடினால் மணிக்கு 3,000 ரூபாய். அக்கம்பக்கத்தாருக்கு வாடகைக்கு ஓட்டி 500 மணி நேரம் ஆக்கினாலும் மணிக்கு 240 ரூபாய். டீசலும் ஓட்டுநர் கூலியும் அதற்கு மேல். தமிழக வேளாண் பொறியியல் துறை டிராக்டருக்கு வாங்கும் வாடகை மணிக்கு 500 ரூபாய். சொந்த வண்டி அந்த விலையைத் தொடுவதே கடினம்.

அப்படியானால் துறையின் வண்டியையே கேட்கலாமே என்று தோன்றும். சிக்கலே அங்குதான். வாழை வரிசைக்குள்ளும் ரப்பர்த் தட்டுகளிலும் நுழையக்கூடிய சிறிய வண்டி வாடகைக்குக் கிடைப்பது அரிதாக இருப்பதால்தான், இரண்டு ஏக்கர்காரர் 6 லட்சம் ரூபாய்க்கு முதலாளியாக நிர்ப்பந்திக்கப்படுகிறார். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். குமரியில் அதைவிடவும் சிறியது. இத்தகைய நிலத்தில் சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம் வரை தனிநபர் மானியம் கொடுத்து வீட்டுக்கு வீடு டிராக்டரை நிறுத்துவது, அந்த விவசாயிக்கும் லாபமில்லை, கருவூலத்துக்கும் லாபமில்லை. மானியத்திலும் உச்சவரம்பு உண்டு; துறையின் ஒப்புதல் கிடைக்குமுன் வண்டியை எடுத்துவிட்டால் அதுவும் இல்லை. இதை விற்பனையாளர்கள் முதலில் சொல்வதில்லை.

திருவட்டாறு, மேல்புறம் ஒன்றியங்களுக்குத் துறையின் வாடகைத் தொகுப்பில் 20 முதல் 27 குதிரைத்திறன் வண்டிகள் சிலவற்றை, பாதுகாப்பு வளைவோடும் பயிற்சி பெற்ற ஓட்டுநரோடும் ஒதுக்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்கள் வாடகை மையம் தொடங்கினால், வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடி ஏழு ஆண்டுகள் வரை கிடைக்கும். திட்டமும் பணமும் இருக்கின்றன. வண்டியின் அகலத்தை நிலத்தைப் பார்த்து யாரும் தீர்மானிக்கவில்லை.

மைத்துனர் இன்னும் வண்டி எடுக்கவில்லை. அயல் தோட்டக்காரர்கள் நான்கு பேரிடம் பேசியிருக்கிறார். ஐவரும் பங்கு போட்டு, வங்கிக் கடனில் ஒரே வண்டியை வாங்கலாம் என்பது யோசனை. யார் பெயரில் பதிவு செய்வது, மழைக்கு முந்திய வாரத்தில் யார் தோட்டத்துக்கு முதலில் போவது என்பதில் பேச்சு நிற்கிறது.