காணாமற்போன விமானமும் கட்டுக்கடங்காத ஊகங்களும்

‘தெரியாது’ என்று சொல்ல மனிதனுக்கு எப்போதும் ஒரு வெட்கம். பரீட்சை மண்டபத்தில் விடை தெரியாத மாணவிகூட வெறும் தாளை ஒப்படைக்க விரும்ப மாட்டாள். எதையாவது எழுதி வைத்துவிட்டுத்தான் எழும்புவாள். அதனால் வரும் நட்டம் அவளோடு போய்விடும். ஆனால், உலகத் தொலைக்காட்சிகளும் கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளும் அதே வேலையைச் செய்தால் நட்டம் யாருக்கு? எம்.எச். 370 விமானத்தின் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் எழுகின்ற கேள்வி இதுதான்.

2014 மார்ச் 8ஆம் திகதி, நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கி அந்த மலேசிய விமானம் புறப்பட்டது. 227 பயணிகளும் 12 பணியாளர்களுமாக அதில் 239 பேர் இருந்தனர். அதிகாலை 1.19க்கு விமானி அறையிலிருந்து கடைசிக் குரல் கேட்டது. ஓரிரு நிமிடங்களில் விமானக் கட்டுப்பாட்டாளர்களின் திரையிலிருந்து அது மறைந்துபோனது. அப்போது நான் முதலாம் தரத்தில் இருந்தேன். இன்று உயர்தர வகுப்பில் இருக்கிறேன். விமானம் இன்னும் கிடைக்கவில்லை. ஊகங்கள் மட்டும் குறையவே இல்லை.

அந்த நாட்களில் சொல்லப்பட்டவற்றைத் தேடி வாசித்தால் வியப்பாக இருக்கிறது. கருந்துளை ஏதும் விழுங்கியிருக்குமா என்று அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றின் அறிவிப்பாளர் நிபுணர் குழுவிடம் கேட்டார். தாழப் பறந்த விமானமொன்றைக் கண்டதாக மாலைதீவின் ஒரு தீவு மக்கள் சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டு டியாகோ கார்சியாவிலுள்ள இராணுவத் தளத்தில் விமானம் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாகக் கதை கட்டினார்கள். கோலாலம்பூர் விமான நிலையத்துக்கே ஒரு மந்திரவாதி தேங்காய்களோடும் மூங்கில் தொலைநோக்கியோடும் வந்து நின்றார். பெர்முடா முக்கோணத்தில் விமானம் கண்டுபிடிக்கப்பட்டது, பயணிகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று பேஸ்புக்கில் ஒரு செய்தி பரவியது. ஆவலோடு அதை அழுத்தியவர்களுக்குக் கிடைத்தது மோசடி இணைப்பு மட்டுமே.

இவற்றை வாசித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எல்லா ஊகங்களும் கருந்துளையைப் பற்றியவை அல்ல. சில ஊகங்கள் மனிதர்களைப் பற்றியவை.

விமானத்தில் இருவர் திருடப்பட்ட கடவுச்சீட்டுகளில் பயணம் செய்தார்கள் என்று தெரியவந்ததும் ‘பயங்கரவாதம்’ என்ற சொல் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. அவர்கள் ஈரானிய இளைஞர்கள். அவர்களுள் ஒருவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. ஜெர்மனியில் அவருடைய தாய் மகனின் வரவுக்காகக் காத்திருந்தார். விமானம் மறைந்து மூன்று நாட்களில், இது பயங்கரவாதச் சம்பவம் அல்ல என்றே எண்ணத் தோன்றுகிறது என இன்டர்போல் செயலாளர் நாயகம் கூறினார். அந்த இருவரும் ஐரோப்பாவில் புது வாழ்வு தேடிப் போனவர்கள். அவர்கள் மீது விழுந்த சந்தேகம் பரவிய வேகத்தில் இந்தச் செய்தி பரவவில்லை. பெயரைக் கேட்டதும் எதிரிலிருப்பவரின் பார்வை மாறுவது எப்படியிருக்கும் என்று 2019க்குப் பிறகு இந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய்க்கு, மகன் மீது விழுந்த சந்தேகமும் சேர்ந்து எப்படி வலித்திருக்கும், அதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து விமானத்தின் கப்டன். அவருடைய வீட்டில் விமானம் ஓட்டிப் பழகும் கணினிக் கருவி இருந்தது. அதை விசாரணையாளர்கள் ஆராயத்தான் வேண்டும், ஆராய்ந்தார்கள். ஆனால் விசாரணை முடியும்வரை காத்திருக்கப் பத்திரிகைகளுக்குப் பொறுமை இருக்கவில்லை. அவருடைய அரசியல், குடும்பம், மனநிலை எல்லாம் முன்பக்கத்துக்கு வந்தன. 2018இல் வெளியான ஏறக்குறைய 500 பக்க மலேசிய அறிக்கை என்ன சொன்னது? விமானம் கையால் இயக்கப்பட்டே திருப்பப்பட்டிருக்கலாம். வெளியாள் ஒருவரின் தலையீட்டையும் மறுக்க முடியாது. காரணத்தை உறுதியாகத் தீர்மானிக்க இயலவில்லை. அதாவது, நான்கு வருடங்கள் ஆராய்ந்தவர்கள் ‘தெரியாது’ என்றார்கள். நான்கு நாட்களில் தீர்ப்பெழுதியவர்கள் இன்னும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் முழு உண்மையும் தெரியும்வரை எவரும் வாய் திறக்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. ஊகம் வேறு, ஆதாரத்திலிருந்து பெறும் முடிவு வேறு. இந்த விமானத்தின் கதையிலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

விமானம் ராடரிலிருந்து மறைந்த பின்னரும் அதற்கும் இந்து சமுத்திரத்துக்கு மேலிருந்த ஒரு செய்மதிக்கும் இடையே ஏறக்குறைய மணிக்கொரு தடவை சிறு சமிக்ஞைகள் தாமாகவே பரிமாறப்பட்டிருந்தன. கடைசிச் சமிக்ஞை காலை 8.19க்குரியது. சமிக்ஞை சென்றுவர எடுத்த நேரத்திலிருந்து இன்மார்சாட் நிறுவனப் பொறியியலாளர்கள் செய்மதியிலிருந்து விமானம் இருந்த தூரத்தைக் கணித்தார்கள். வரைபடத்தில் அது ஒரு வில்லாக விழுந்தது. விமானம் போனது வடக்கேயா, தெற்கேயா? அதைப் பிரித்தறிய உதவியது, பௌதிகவியலில் நாங்கள் படிக்கும் டொப்ளர் விளைவுதான். மீடிறனில் ஏற்பட்ட சிறு மாற்றங்களைக் கொண்டு தெற்கே என்றார்கள். தம் முறை சரிதானா என்று வேறு விமானங்களின் தரவுகளைக் கொண்டும் சோதித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ‘இந்த இடத்தில்தான்’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘இந்த வில்லுக்கு அருகே’ என்று மட்டுமே சொன்னார்கள்.

ஆய்வுகூடத்தில் ஒரு நீளத்தை அளந்தால் அதிலுள்ள வழுவையும் சேர்த்து எழுத வேண்டும் என்று எங்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. தன் வழுவைத் தானே சொல்லும் கூற்றைத்தான் நம்பலாம். 2015 ஜூலையில் ரியூனியன் தீவுக் கரையில் அந்த விமானத்தின் இறக்கைப் பகுதியொன்று ஒதுங்கியது. பின்னர் தான்சானியா, மொரிஷியஸ் கரைகளிலும் துண்டுகள் கிடைத்தன. இந்து சமுத்திரம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்களின் பக்கம்தான் கடலும் நின்றது.

கேள்வி கேட்பதையும் ஊகத்தோடு சேர்த்துவிடக் கூடாது. விமானம் திரும்பி மேற்கே பறந்ததை இராணுவ ராடர் பதிந்திருந்தும், தென்சீனக் கடலில் ஒரு வாரம் தேடல் நீடித்தது. ஏன் என்று உறவினர்களும் ஊடகவியலாளர்களும் விடாமல் கேட்டார்கள். விமானக் கட்டுப்பாட்டில் நடந்த குறைகளை 2018 அறிக்கை சுட்டிக்காட்ட, மலேசிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைவர் பதவி விலகினார். அதிகாரத்தில் இருப்பவரை நோக்கிக் கேட்கப்படும் கேள்வி பயன் தரும். பதில் சொல்ல முடியாத ஒருவர் மீது சாட்டப்படும் ஊகம் அநியாயம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை ஏன் நம் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுகிறேன்? ஊடகம் என்பது இப்போது எங்கோ தூரத்தில் இல்லை. உம்மாவின் கையிலும் இருக்கிறது, என் கையிலும் இருக்கிறது. விமானம் கிடைத்துவிட்டது, உள்ளே எலும்புக்கூடுகள் அமர்ந்திருக்கின்றன என்றொரு காணொளி எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. அனுப்பியவர் கெட்டவர் அல்லர், நன்றாகப் படித்தவர். அந்த 239 பேரின் பிள்ளைகளும் தொலைபேசி வைத்திருப்பார்கள், அந்தக் காணொளி அவர்களுக்கும் போய்ச் சேரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். கப்ரும் இல்லாமல், செய்தியும் இல்லாமல் பத்து வருடங்களுக்கும் மேலாகக் காத்திருப்பவர்களுக்கு நம்முடைய பொழுதுபோக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதிய மரணச் செய்தி.

செய்தியைத் தீர விசாரிப்பதும் சந்தேகத்தை அடக்குவதும் நமக்குப் புதிய பாடங்கள் அல்ல; குர்ஆன் மத்ரஸாவிலேயே கற்றவைதான். தோழியரே, பெற்றோரே, ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் இரண்டு கேள்விகள் போதும். இதைச் சொல்பவருக்கு இது எப்படித் தெரியும்? இது பொய்யாக இருந்தால் யாருக்கு வலிக்கும்? முதற் கேள்விக்கு விடை இல்லையென்றால் அந்தச் செய்தி நம்மோடு நின்றுவிடட்டும்.

அவுஸ்திரேலியா தலைமையில் 120,000 சதுர கிலோமீற்றர் கடலடி தேடப்பட்டது. அது இலங்கையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 2018இல் ஒரு தனியார் நிறுவனமும் தேடியது. கண்டுபிடித்தால் 70 மில்லியன் டொலர், இல்லையேல் கட்டணமே இல்லை என்ற நிபந்தனையில் 2025இல் மீண்டும் தேட மலேசிய அரசு உடன்பட்டது. இதற்காக வருடக்கணக்காகக் குரல் கொடுத்தவர்கள் அந்தக் குடும்பங்கள். அவர்கள் நம்மிடம் கதைகளைக் கேட்கவில்லை. தேடலை நிறுத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். கடலடியில் தேட நம்மால் முடியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நம் ஒவ்வொருவராலும் முடியும்.