கமக்காரனின் நடுக்கமும் சட்டத்தின் தயக்கமும்

நஞ்சை மருந்தென்று அழைக்கப் பழகிவிட்ட சமுதாயம் நாம். வயலுக்கு மருந்தடித்தோம், தோட்டத்துக்கு மருந்தடித்தோம் என்றே நாள்தோறும் பேசுகின்றோம். அம் 'மருந்தின்' கொடுமையை இதுவரை உடனடி மரணம் ஒன்றைக் கொண்டே அளந்தும் வந்துள்ளோம். குடித்தவன் இறந்தான், ஆகவே அது நஞ்சு. ஆனால், அதனைக் குடியாதவன், முப்பது ஆண்டுகள் முதுகிற் சுமந்து தெளித்தவன், அறுபதாம் வயதிலே கை நடுங்கி, நடை தளர்ந்து, முகம் உணர்ச்சியற்று உறைந்து திண்ணையில் முடங்கினால், அதனை விதியென்றும் முதுமையென்றும் கூறி அமைகின்றோம். எல்லாம் விதிதானா? இவ் வினாவுக்கு விஞ்ஞானம் தந்துள்ள விடை யாது, அவ்விடையைச் சட்டம் எவ்வாறு ஏற்றல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுக்குவாதம் என நம் வைத்தியர் வழங்கும் நோயை 1817ஆம் ஆண்டில் விரிவாக விவரித்தவர் இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர். அவர் கண்டு எழுதிய நோயாளர் அறுவரே. அவ்வறுவரிலும் சிலரை அவர் வீதியிலேதான் கண்டார். வாக்குரிமை வேண்டித் துண்டுப்பிரசுரங்கள் எழுதியவரும், 1794இல் மன்னரின் ஆலோசனைச் சபை முன் விசாரணைக்கு நின்றவரும் அவரே. நோயை அவர் கண்டார். அதன் காரணத்தை அவர் காணவில்லை. மூளையின் அடிப்பகுதியிலே கருநிறம் பொருந்திய ஒரு சிறு இடத்தில், டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் அழிவதனாலேயே இந்நோய் தோன்றுகின்றது என்பது இருபதாம் நூற்றாண்டிலேதான் தெளிவாயிற்று. அக்கலங்கள் ஏன் அழிகின்றன? அதற்கான முதற் பெருந்தடயம் ஆய்வுகூடத்திலே கிடைக்கவில்லை. ஒரு விபத்திலே கிடைத்தது.

1982ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவின் சான் ஹொசே நகர மருத்துவமனை ஒன்றுக்கு, நாற்பத்திரண்டு வயதான ஒருவர் பேச்சும் அசைவுமின்றிக் கொண்டுவரப்பட்டார். முதுமையில் மெல்ல மெல்ல வரவேண்டிய நடுக்குவாதம் அவருக்குச் சில நாட்களிலே முற்றியிருந்தது. நரம்பியல் மருத்துவரான வில்லியம் லாங்ஸ்டன் விசாரித்தபோது, இதே நிலையில் இருபது, முப்பது வயதினரும் அகப்பட்டனர். அனைவரும் களவாகத் தயாரிக்கப்பட்ட போதைப்பொருளொன்றை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டவர்கள். அத் தயாரிப்பிலே தவறுதலாகக் கலந்திருந்த எம்.பி.ரி.பி. என்னும் பொருளே காரணம் என்பதை லாங்ஸ்டனும் அவர் குழுவினரும் 1983இல் உலகுக்கு அறிவித்தனர். இங்கே ஒன்றைக் கருதுக. 1976இல் ஓர் இரசாயன மாணவனுக்கு இதே விபத்து நேர்ந்ததை 1979இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை முன்னரே பதிந்து வைத்திருந்தது. அவ்வொரு பதிவே இவர்களுக்கு வழிகாட்டிற்று. நோயாளி எதனைத் தொட்டான், எதனை உட்கொண்டான் என எழுதி வைப்பது வீண் வேலையன்று.

எம்.பி.ரி.பி. தானாக நஞ்சன்று. மூளையை அடைந்ததும் அங்குள்ள நொதியம் ஒன்று அதனை வேறொரு பொருளாக மாற்றுகின்றது. அப்பொருள் டோபமினைப் போன்று வேடமிட்டு, டோபமினைத் தாமே மீள உறிஞ்சும் கலங்களின் வாயிலினூடாக உள்ளே புகுகின்றது. புகுந்து, கலத்தின் சத்திநிலையமாகிய இழைமணியை அடைந்து, அங்கே ஒட்சிசனைக் கொண்டு சத்தியாக்கும் தொடரின் முதற் கண்ணியை அடைத்துவிடுகின்றது. சத்தியற்ற கலம் மடிகின்றது. பிற கலங்கள் தப்ப, இவை மட்டும் மடிவதன் மருமம் அந்த வாயிலிலேதான் உள்ளது.

இனிக் கமக்காரர் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய செய்தி வருகின்றது. மூளையிலே உருவாகும் அந்நஞ்சு, சைப்பர்குவாட் என்ற பெயரிலே களைநாசினியாக முன்னரே ஆராயப்பட்ட பொருள்! அதன் அமைப்போ, 1962 முதல் உலகெங்கும் விற்பனையாகிய பரகுவாட்டின் அமைப்பை நெருங்கி ஒத்தது. கிராமொக்சோன் என்று கூறினால் நம் தோட்டங்களில் அறியாதார் இலர். பரகுவாட் கலங்களைத் தாக்கும் விதம் சற்று வேறு. ஆயினும் ஆய்வு விலங்குகளில் அதே கருநிறப் பகுதியின் கலங்களை அது அழித்தது. 2000ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் அத்லாந்தா நகர ஆய்வாளர், தாவர வேரிலிருந்து பெறப்படும் ரொட்டினோன் என்னும் பூச்சிநாசினியை எலிகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தினர். அதுவும் இழைமணியின் அதே கண்ணியை அடைப்பது. எலிகளுக்கு அசைவு குன்றியது. மனித நோயாளரின் மூளையிற் காணப்படும் புரதக் கட்டிகளை ஒத்தவை அவற்றின் கலங்களிலும் தோன்றின. அல்பா சினுக்கிளின் எனப்படும் அப்புரதத்தின் பரம்பரை அலகிலே குறைபாடு நேர்ந்தால் நோய் குடும்பவழி இறங்கும் என்பது 1997இலேயே நிறுவப்பட்டிருந்தது.

விலங்குகளை விட்டு மனிதரிடம் வருவோம். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில், நோயுற்ற 110 பேரையும் நோயற்ற 358 பேரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. பரகுவாட்டையோ ரொட்டினோனையோ பயன்படுத்தியோரிடம் நோயின் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகக் காணப்பட்டது. மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. அதே மாநிலங்களின் பெருந்தொகையான மருந்தடிப்போரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வு, பரகுவாட்டைப் பொறுத்தவரை பொதுவான தொடர்பைக் காணவில்லை. தலையிற் காயமுற்றிருந்தோரிடத்திலேயே கண்டது. நடுக்கமெல்லாம் நாசினியால் வந்தவையல்ல என்பதும் உண்மையே. முதுமையும் பரம்பரையும் தத்தம் பங்கை உடையன.

"ஆகவே நிரூபிக்கப்படவில்லை" என்று விற்பனையாளர் தரப்பு எழுந்து நிற்கும். சட்டம் பயின்றவர் இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுப்பக் கடமைப்பட்டவர்: எந்த அளவு நிரூபணம்? ஒருவனைத் தூக்குமேடைக்கு அனுப்ப நியாயமான ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டும். ஒருவனுக்கு நட்டஈடு வழங்கச் சாத்தியக்கூறுகளின் தராசு ஒருபுறம் சாய்ந்தாற் போதும். ஒரு பொருளைச் சந்தைக்கு விடலாமா என்று தீர்மானிக்கையிலோ, தீங்கற்றது எனக் காட்டும் பொறுப்பு விற்பவனையே சாரும். இரசாயனப் போத்தலுக்குக் குற்றவாளிக் கூண்டின் சலுகையை வழங்கி, அதனைச் சுமந்த மனிதனிடம் சாட்சி கேட்பது எந்த ஊர் நீதி?

இது வெறும் வாதமன்று. பரகுவாட்டை அனுமதித்த ஐரோப்பிய ஆணைக்குழுவின் பணிப்புரையைச் சுவீடன் எதிர்த்து வழக்கிட்டது. 2007 ஜூலை 11ஆம் நாள் நீதிமன்றம் அவ்வனுமதியை இரத்துச் செய்தது. இந்நோய்க்கும் பரகுவாட்டுக்குமுள்ள தொடர்புபற்றிய ஆய்வுகளை ஆணைக்குழு உரியவாறு பரிசீலிக்கவில்லை என்பதும் அத் தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. பிரான்ஸ் நாடோ 2012இல், பத்தாண்டுகள் பீடைநாசினிகளோடு பழகிய விவசாயிக்கு வரும் நடுக்குவாதத்தைத் தொழில்வழி நோயென அங்கீகரித்தது. விதித்த நிபந்தனைகள் பொருந்துமாயின், எந்தப் போத்தல் எந்தக் கலத்தைக் கொன்றது என அவர் நிரூபிக்க வேண்டியதில்லை; சட்டமே அவர் பக்கம் அனுமானிக்கின்றது. இதே வேளை, தன் மண்ணில் 2007இற்குப் பின் தெளிக்க இயலாத பரகுவாட்டைப் பிரித்தானியா தொடர்ந்து உற்பத்தி செய்து பிற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. அவர்களின் நரம்பு நரம்பு. ஏனையோரின் நரம்பு நாரா?

நம் நாட்டிலே பரகுவாட் 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டது. அந் நடவடிக்கை போற்றுதற்குரியது; பல உயிர்களை அது காத்தது. ஆனால் அதற்குக் காரணமாயிருந்தவை தற்கொலை மரணங்கள். குடித்தவனைக் காக்கச் சட்டம் விரைந்தது. தெளித்தவனின் கணக்கு தீர்க்கப்படாமலே நிற்கின்றது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் கையுறையின்றி மருந்தடித்த இளைஞர் இன்று முதியோர். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழில்தருநரிடம் வேலை செய்வோருக்கே உரியது. தன் நிலத்தில் தானே உழைக்கும் கமக்காரனுக்கு அதன் வாயில் அடைபட்டுள்ளது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவதாக, நடுக்குவாத நோயாளி ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால் அவர் செய்த தொழிலும், கையாண்ட நாசினிகளும், ஆண்டுகளும் குறித்து வைக்கப்பட வேண்டும். மருத்துவ அன்பர்கள் இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டாவதாக, பீடைநாசினிகளைப் பதிவுசெய்யும் அதிகாரம் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அரசிடமே உள்ளது. புதிதாக வரும் எப்பொருளும் நரம்புக் கலங்களை நீண்டகாலத்தில் யாது செய்யும் என்பதைக் காட்டாது பதிவு பெறுதல் ஆகாது. மூன்றாவதாக, தொழில்வழி நோயென்னும் சட்டப் பாதுகாப்பு சொந்த நிலத்தில் உழைப்போருக்கும் விரிக்கப்பட வேண்டும். அதிலே பிரான்சைப் போன்று அனுமானமும் இடம்பெற வேண்டும்.

கமக்காரப் பெருமக்களே! நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. விதைத்த நாளையும் விற்ற விலையையும் குறிக்கும் கொப்பியிலே, அடித்த மருந்தின் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள். வெற்றுப் போத்தலின் சிட்டையைக் கிழித்து ஒட்டி வையுங்கள். முப்பது ஆண்டுகளின் பின் மனித நினைவு தளரும், கையும் நடுங்கலாம். அன்று மன்றிலே உங்களுக்காகப் பேசப்போகும் சாட்சி அக்கொப்பியே.